கேட்டில் நிற்கும் மூன்றாவது ஆள்

தம்பி, இதைப் போனிலேயே சொல்லியிருக்கலாம். ஆனால் போனில் நான் நாலு வார்த்தை கூடுதலாகப் பேசினால் நீ "அப்புறம் பேசுறேன் நைனா"ன்னு வைத்துவிடுவாய். காகிதத்தை அப்படி வைக்க முடியாது, மடித்து வைத்தாலும் மறுபடி பிரிக்கத் தோன்றும். உன் அம்மா பக்கத்தில் உட்கார்ந்து பூண்டு உரித்துக்கொண்டே, "கோவமா எழுதாத, நல்ல விஷயத்தை மொதல்ல எழுது" என்கிறாள். சரி, நல்ல விஷயம் இதுதான். உனக்குப் பெண் கொடுக்கப் போகிறவர் போன செவ்வாய்க்கிழமை பழவேற்காட்டுக்கு வந்திருந்தார். உனக்குச் சொல்லாமல் வந்தார். எனக்கும் சொல்லவில்லை. அவர் விசாரிக்க வந்தது என்னைப் பற்றி, விசாரித்ததும் என்னிடமே. அது நான்தான் என்று மட்டும் அவருக்குப் பாதி நாள் வரைக்கும் தெரியாது.

காலை பத்து மணி இருக்கும். டச்சுக் கல்லறைக்குள் வேப்பஞ்சருகைக் கூட்டிக்கொண்டிருந்தேன். தலையில் துண்டு, காக்கிச் சட்டையில் மேல் பட்டன் இல்லை. பொன்னேரி பஸ்ஸில் வந்து இறங்கிய ஒருவர் கையில் குடையோடு கேட்டில் நின்று இரண்டு எலும்புக்கூடு சிலைகளையும் மாறி மாறிப் பார்த்தார். வருகிறவர்கள் அந்த இடத்தில் செல்போனை எடுப்பார்கள். இவர் செருப்பைக் கழற்றினார். "செருப்பு போட்டுக்கினே வரலாம் சார், முள்ளு கெடக்கும்" என்றேன். "இருக்கட்டும்பா, படுத்திருக்கிறவங்க எடம்" என்று வெறுங்காலோடு உள்ளே வந்தார். வெடித்த குதிகாலைப் பார்த்ததும் சேற்றில் இறங்கி நடவு பார்க்கிற ஆள் என்று தெரிந்துவிட்டது. அவர் யார் என்று தெரியாமலே எனக்கு அவரைப் பிடித்துப்போனது.

அப்புறம் கேட்டாரே ஒரு கேள்வி. "இங்க ஆபீசரா ஒருத்தர் இருக்காராமே" என்று என் பெயரைச் சொன்னார், இனிஷியலோடு. "ஒரு சம்பந்த விஷயமா விசாரிக்கணும். பையன் சென்னையில ஓட்டல்ல வச்சுப் பாத்துக்கலாம்னு சொல்றார். ஊரைப் பாக்காம எப்படிப்பா பொண்ணு குடுக்கிறது? அதான் நானே ஒருநடை வந்தேன். செங்கல்பட்டுப் பக்கம் நமக்கு."

எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது. நம் வீட்டுக்கு அவர்களைக் கூட்டிவர நீ ஏன் நாள் தள்ளிக்கொண்டே போனாய் என்பது, ஓட்டல் பேச்சு ஏன் வந்தது என்பது, எல்லாம். துடைப்பத்தைப் போட்டுவிட்டு உனக்குப் போன் போட்டுக் கத்த வேண்டும் போல் இருந்தது. மறைக்காமல் சொல்கிறேன், கெட்ட வார்த்தையே வாய் வரைக்கும் வந்தது. ஆனால் அந்த மனுஷர் என் முகத்தையே பார்த்துக்கொண்டு நிற்கிறார். என்னை மீறி வாய் சொல்லிவிட்டது: "அவரு இன்னிக்கி லீவு சார்."

பெண் வீட்டார் விசாரிக்க வந்தால் டீக்கடையில் கேட்பார்கள், பஸ் ஸ்டாண்டில் கேட்பார்கள், எதிர்வீட்டில் கேட்பார்கள். ஆளிடமே ஆளைப் பற்றி விசாரித்தது இந்த ஊரில் எனக்குத் தெரிந்து இதுதான் முதல் தடவை. "மனுஷர் எப்படி?" என்றார். நல்லவர் என்றேன். "அது எல்லாரும் சொல்றதுதான். குடிப்பாரா?" எப்பவோ விட்டுவிட்டார் என்றேன். "கோவக்காரரா?" இங்கேதான் நாக்கு தடுக்கியது. "கோவம் ஜாஸ்திதான் சார். ஒருவாட்டி பெத்த புள்ளைய நல்லா அடிச்சிட்டாரு. இன்னி வரைக்கும் அத நெனச்சி மனசு ஆறல அவருக்கு." அவர் என்னைக் கூர்ந்து பார்த்தார். "ஆபீசர் இதையெல்லாம் ஒன்கிட்ட சொல்வாரா?" என்றார். "நாங்க ரெண்டு பேரும் ரொம்ப வருஷப் பழக்கம் சார்" என்றேன். அதில் பொய் ஒன்றும் இல்லை.

மேற்கொண்டு கேட்காமல் இருக்க வேண்டுமே என்று சுற்றிக்காட்ட ஆரம்பித்தேன். ஆரம்பித்த பிறகு என் கவலையே எனக்கு மறந்துபோனது. அந்த இடத்துக்கு அப்படி ஒரு குணம் உண்டு. உனக்கு அது கல்லறை. எனக்கு அது ஒரு சிலைத்தோட்டம். சில கற்களில் எழுத்தைத் தோண்டியிருக்க மாட்டார்கள். எழுத்தைச் சுற்றியிருக்கிற கல்லையெல்லாம் செதுக்கி எடுத்துவிட்டு எழுத்தை மட்டும் மேடாக நிறுத்தியிருப்பார்கள். உளி ஒரு நெல்லளவு வழுக்கினால் ஓர் எழுத்தின் கால் போய்விடும், கால் போனால் அத்தனை பெரிய பலகையும் வீண். ஒன்றுகூட வழுக்கவில்லை. மழை பெய்தால் எழுத்துகளுக்கு நடுவே தண்ணீர் நிற்கும், மைனா வந்து வரி வரியாகக் குடிக்கும். ஓரத்தில் கொடி, கொடியில் பூ, பூவுக்கு மேலே போர்வீரனின் இரும்புத் தொப்பி, அதன் இறகுகூட காற்றில் ஆடுகிற மாதிரி இருக்கும். ஒரு கல்லில் கோட்டையையே செதுக்கியிருக்கிறார்கள். கோட்டை இருந்த இடத்தில் இப்போது வேலிகாத்தான் முள்தான் மண்டிக்கிடக்கிறது. கோட்டை எப்படி இருந்தது என்று பார்க்க வேண்டுமானால் செத்தவர் மேல் மூடிய கல்லைத்தான் பார்க்க வேண்டும். இத்தனை வருஷம் கூட்டியும் எனக்கு அலுக்கவில்லை தம்பி. வெயில் சாய்வாக விழுகிற நேரத்தில் பார்த்தால் நேற்று உளியைக் கீழே வைத்துவிட்டுப் போன மாதிரி இருக்கும்.

அவர் குனிந்து ஓர் எழுத்தின் மேல் விரலை வைத்து ஓட்டிப் பார்த்தார். "என்ன பொறுமைப்பா" என்றார். "இதைச் செதுக்கினது யாரு?" அதை மட்டும் எங்கேயும் எழுதவில்லை என்றேன். "படுத்திருக்கிறவங்களைப் பத்தி என்ன எழுதியிருக்கு?" என்றார். எனக்கு அந்த எழுத்து படிக்க வராது. ஆனால் முன்னே ஒரு வெள்ளைக்கார அம்மா வந்து ஒவ்வொரு கல்லாகப் படித்துச் சொன்னது ஞாபகம் இருந்தது. அநேகமாக எல்லாக் கல்லிலும் பெயரோடு உத்தியோகத்தையும் போட்டிருக்கிறார்களாம். இவர் பெரிய வியாபாரி, இவர் கேப்டன், இந்த அம்மா இன்ன பதவியில் இருந்த இன்னாருடைய பெண்சாதி. அதை அவருக்குச் சொல்லும்போது எனக்கே உள்ளுக்குள் சிரிப்பு வந்தது. அவர்களாவது செத்த பிறகுதான் பதவியைக் கல்லில் போட்டுக்கொண்டார்கள். நீ நான் உயிரோடு இருக்கும்போதே எனக்கு ஆபீசர் உத்தியோகம் கொடுத்துவிட்டாய்.

சிரிப்பு வந்ததற்கு இன்னொரு காரணமும் உண்டு. அதை உனக்கு நான் இதுவரை சொன்னதில்லை. நானும் அதையே செய்தவன். உன் அம்மாவைப் பெண் பார்க்கப் போனபோது "கவர்மென்ட்ல வேலை" என்று மட்டும் சொன்னேன். எந்த வேலை என்று அவர்கள் கேட்கவில்லை, நானும் வாயைத் திறக்கவில்லை. மேஜை, நாற்காலி, தலைக்கு மேல் ஃபேன் என்று அவர்களாக நினைத்துக்கொண்டார்கள். நினைக்கட்டும் என்று விட்டுவிட்டேன். கல்யாணம் முடிந்து நாலாம் நாள் உன் அம்மா எனக்குச் சோறு எடுத்துக்கொண்டு ஆபீசைத் தேடி வந்தாள். வழி கேட்டுக் கேட்டு வந்தவள் இந்தக் கேட்டில் நின்றாள். ஒரு பக்கம் மணற்கடிகாரத்தோடு ஓர் எலும்புக்கூடு, இன்னொரு பக்கம் மண்டையோட்டோடு இன்னோர் எலும்புக்கூடு, நடுவில் துடைப்பத்தோடு நான். மூன்று பேரையும் ஏற இறங்கப் பார்த்தாள். அப்புறம், "பொணத்துக்குக் காவலா? அதுங்க இன்னா எழுந்து ஓடவா போவுது?" என்றாள். சோற்றுத் தூக்கை என் கையில் கொடுத்துவிட்டு அழுதுகொண்டே போனாள். ஒரு மாதம் என்னோடு முகம் கொடுத்துப் பேசவில்லை. வேலைக்காக அழவில்லை, சொல்லாததற்காக அழுதேன் என்று பிற்பாடு சொன்னாள். அன்றைக்கு மன்னித்தாயா என்று இப்போது கேட்டேன். "எழுதுறத எழுது, அதுக்கெல்லாம் நான் பதில் சொல்ல மாட்டேன்" என்று பூண்டுத்தோலை ஊதுகிறாள். நீ கட்டிக்கொள்ளப் போகிற பெண்ணுக்கும் ஒரு நாலாம் நாள் வரும், தம்பி. அதை யோசித்துப் பார்.

கல்லறை முடிந்தது, மத்தியானம் மாற்று ஆளும் வந்துவிட்டான். அவர் குடையை எடுத்துக்கொண்டு, "சரி, கடைத்தெருவுல ரெண்டு பேரைக் கேட்டுட்டு பஸ் ஏறுறேன்" என்றார். கடைத்தெருவில் என் பெயரைச் சொன்னால் சின்னப் பிள்ளைகூட "கல்லறை வாட்ச்மேனா?" என்று கேட்கும். "இவ்ளோ தூரம் வந்துட்டு பறவைங்களப் பாக்காமப் போலாமா சார்? தை மாசம் விட்டா அப்புறம் பறந்துடும்" என்று ஏரிப் பக்கம் இழுத்துக்கொண்டு போனேன். ஏரிக்கு நடுவில் கொண்டுபோய்விட்டால் விசாரிக்க ஆள் கிடையாதே என்று கணக்குப் போட்டேன். படகை ஓட்டுகிறவனும் ஓர் ஆள்தான் என்பது என் மரமண்டைக்கு உறைக்கவில்லை.

கோட்டைக்குப்பத்து மாரியின் ஃபைபர் படகு. மாரியை உனக்குத் தெரியும், என்னை மாமா என்று கூப்பிடுகிறவன், வாய் சும்மா இருக்காது. ஆனால் பறவை கிட்டே போகும்போது அவன் வேறு ஆளாகிவிடுவான். தூரத்திலேயே மோட்டாரை அணைத்துவிட்டான், கழியை எடுத்து ஊன்ற ஆரம்பித்தான். தண்ணீர் முழங்கால் ஆழம்தான். முதலில் கண்ணுக்குத் தெரிந்தது வெள்ளையாக ஒரு கோடு, உப்புப் பாத்தி மாதிரி. கிட்டே போகப் போக அந்தக் கோட்டுக்குக் கால் முளைத்தது. அத்தனையும் பூநாரை. தலையைத் தலைகீழாகத் தண்ணீருக்குள் விட்டுக்கொண்டு, காலால் சேற்றைக் கிளறிக் கிளறி, ஒன்றுக்கொன்று இடிக்காமல் நின்றன. ஓரமாகக் கூழைக்கடா நாலைந்து, தூங்குவது போல. மேலே ஆலாப் பறவைகள் கத்திக்கொண்டு பறந்தன. மாரி கழியை நிறுத்திவிட்டான். திடீரென்று ஒரு பக்கத்துப் பூநாரை எல்லாம் எழும்பின. இறக்கைக்கு அடியில் அந்தச் சிவப்பு தெரிந்தது பார், வானமே மருதாணி வைத்துக்கொண்டது போல இருந்தது. எத்தனை தடவை பார்த்தாலும் எனக்கு மூச்சு நின்றுதான் வரும். அவர் படகில் எழுந்தே நின்றுவிட்டார். "உக்காரு சார், படகு சாஞ்சிடும்" என்று மாரி வேட்டியைப் பிடித்து உட்கார வைத்தான். அவர் கண் கலங்கியிருந்தது. "எங்க வயல்ல கொக்கு எறங்கும். அதுக்கே நான் வேலைய விட்டுட்டு நிப்பேன்" என்றார்.

அந்த அமைதியில்தான் மாரி வாயைத் திறந்தான். "இன்னா மாமா, உன் புள்ளைக்குக் கல்யாணமாமே. பொண்ணு செங்கல்பட்டுப் பக்கமாமே. இன்னும் ஒருத்தர் மூஞ்சியக்கூட ஊருக்குள்ள காட்டலியே நீ? வாட்ச்மேன் ஊட்டுக் கல்யாணம்னா எங்களக் கூப்ட மாட்டியா?"

ஏரியில் குதித்துவிடலாமா என்று இருந்தது. குதித்தாலும் முழங்கால்தான் நனையும். அவர் என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை. பறவைகளையே பார்த்துக்கொண்டிருந்தார். பார்வையைத் திருப்பாமலே கேட்டார்: "அந்த ஆபீசர் பையனை அடிச்சார்னு சொன்னியே. ஏன் அடிச்சார்?"

வேறொருவராக இருந்தால் என் சட்டையைப் பிடித்திருப்பார். இவர் எனக்கு அந்த ஆபீசரையே மறைப்பாகக் கட்டி விட்டார், மானத்தோடு பேசிக்கொள்ளட்டும் என்று. அந்தப் பெரிய மனசுக்கு முன்னால் பொய் சொல்ல முடியவில்லை. சொன்னேன்.

உனக்கும் அது மறந்திருக்காது. உனக்குப் பத்து வயது. உன் வகுப்பைக் கல்லறை பார்க்கக் கூட்டி வந்தார்கள். நீ கடைசி வரிசையில், முன்னால் நின்ற பையன் முதுகுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டு நின்றாய். வாத்தியார் என்னிடம் விளக்கம் கேட்டார். எனக்கு அன்றைக்கு இருந்த பெருமையில், "என் புள்ள சொல்வான் சார், அவனுக்கு எல்லாம் தெரியும்" என்று உன்னைப் பெயர் சொல்லி முன்னால் கூப்பிட்டேன். நீ வந்தாய். மணற்கடிகாரம் வைத்திருக்கிறவரைப் பற்றி, காலம் ஒழுகுகிறதைப் பற்றி, நான் சொல்லிக்கொடுத்ததைவிட அழகாகச் சொன்னாய். மண்டையோட்டுக்காரரிடம் வருவதற்குள் ஒருவன் "எலும்புக்கூடு மவன்டா" என்றான். எல்லோரும் சிரித்தார்கள். நீ பாதியில் நிறுத்திவிட்டாய். சாயங்காலம் வீட்டில், "நீ இனிமே ஸ்கூல் பக்கம் வராத நைனா" என்றாய். நான் அடித்தேன். கை ஓயும் மட்டும் அடித்தேன். உன்னை ஊருக்கு முன்னால் தூக்கி நிறுத்துவதாக நான் நினைத்தேன். ஒளிய இடம் தேடிய பிள்ளையை இழுத்து வெளியே போட்டேன் என்பது எனக்கு விளங்க ரொம்ப வருஷம் ஆனது. அதற்கு உன்னிடம் மன்னிப்பு கேட்டதில்லை. இப்போது கேட்கிறேன். அன்றைக்கு நான் செய்தது தப்பு, தம்பி.

அவர் எல்லாவற்றையும் கேட்டார். பஸ் ஸ்டாண்ட் வரைக்கும் கூடவே போனேன். டீ வாங்கிக் கொடுத்தேன், குடித்தார். பஸ் கிளம்புகிற நேரத்தில் படியில் நின்றுகொண்டு சொன்னார்: "அந்த ஆபீசரை எனக்குப் புடிச்சிருக்கு. அவர் வீட்டுக்குத் தாராளமாப் பொண்ணு குடுக்கலாம். அவர் பையனத்தான் எனக்கு இன்னும் தெரியல." அதுவரை என்னை நீ, வா என்று பேசியவர், ஏறப் போகும்போது என் கையைப் பிடித்தார். "வர்ற ஞாயிறு விட்டு அடுத்த ஞாயித்துக்கிழமை பொண்ணக் கூட்டிக்கிட்டு எல்லாரும் வரோம். ஓட்டலுக்கு இல்ல, இங்க. தம்பிக்கு எங்க வீட்டிலிருந்து அவ்வளவுதான் தகவல் வரும். நான் ஒண்ணும் கேக்கப் போறதில்ல, யார்கிட்டயும் ஒண்ணும் சொல்லப் போறதுமில்ல. நீங்க சொல்றதும் சொல்லாததும் உங்க இஷ்டம்."

ஆக, உன் கல்யாணம் இப்போது ஒரு கேட்டில் வந்து நிற்கிறது. சொல்லாமல் விட்டுவிடலாமா என்று இரண்டு நாள் யோசித்தேன். நீ அந்தக் கேட்டில் என்னை யாரென்று சொல்கிறாய் என்று பார்த்துவிடலாமே என்று ஒரு கெட்ட ஆசை வந்தது. மனசு கேட்கவில்லை. ஏற்கெனவே ஒருதரம் முன்னால் சொல்லாமல் உன்னை நாலு பேர் நடுவில் இழுத்து நிறுத்தியவன் நான். இரண்டாவது தடவை அதைச் செய்ய மாட்டேன். அதனால்தான் இந்தக் கடிதம். இது உன் கைக்கு வரும்போது உனக்கு நாலு நாளாவது இருக்கும். முதலில் அந்தப் பெண்ணிடம் சொல். அவள் அப்பாவிடமிருந்து அவளுக்குத் தெரிய வராது, எனக்கு அது நிச்சயம். உன் வாயிலிருந்து வந்தால்தான் அது அவளுக்கு நீ கொடுக்கிற மரியாதை. என்னை ஆபீசர் என்று நீ ஏன் சொன்னாய் என்பது எனக்குத் தெரியும் என்பதையும் அவளிடம் சொல். பத்து வயதில் கேட்ட சிரிப்பு உன் காதில் இன்னும் ஓயவில்லை. அதில் என் பங்கும் இருக்கிறது. உன் மேல் எனக்குக் கோபம் இல்லை. செவ்வாய்க்கிழமை இருந்தது, பூநாரை பறந்ததோடு போய்விட்டது.

ஞாயிற்றுக்கிழமை எனக்கு டூட்டி. வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு வீட்டில் உட்காரலாமே என்றாள் உன் அம்மா. மாட்டேன் என்றேன். முறைத்தாள், பிறகு காக்கிச் சட்டையை வாங்கி மேல் பட்டனைத் தைத்துக் கொடுத்துவிட்டாள். நண்டு வாங்கி வரச் சொல்லி மாரியிடம் சொல்லியாயிற்று. அவனையும் சாப்பாட்டுக்குக் கூப்பிட்டிருக்கிறேன், அவன் வாய்க்கு இனி பயப்பட ஒன்றும் இல்லை.

நீ அவர்களைக் கூட்டிக்கொண்டு வா. இந்தத் தடவை நான் உன்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட மாட்டேன். அந்த இரண்டு எலும்புக்கூட்டுக்கும் நடுவில் வழக்கம்போல நிற்பேன். "வாட்ச்மேன், கேட்டைத் தொற" என்று நீ சொன்னாலும் திறப்பேன், அது என் வேலை. "நைனா"ன்னு கூப்பிட்டால் துடைப்பத்தைச் சுவரில் சாய்த்துவிட்டு உன் பக்கத்தில் வந்து நிற்பேன். அந்தப் பெண்ணுக்கு நீயே சொல்லிக் காட்டு. மணற்கடிகாரக்காரரைப் பற்றி நான் கேட்டுவிட்டேன். மண்டையோட்டுக்காரரைப் பற்றி நீ சொல்லி நான் இன்னும் கேட்கவில்லை.